பதினாறரை சென்டிமீட்டர்

வேலூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டேன். சட்டம் எனக்குத் தெரியாது. தாள் தெரியும். எந்தத் தாளுக்கு முன்னால் எந்தத் தாள் வர வேண்டும், நம்பரை எங்கே போட வேண்டும், எதைக் கொடுத்தால் கவுன்ட்டரில் மூக்கைச் சுளிப்பார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. நான் கட்டிய வழக்குக் கட்டு ரிட்டர்ன் ஆகாது என்று மற்ற குமாஸ்தாக்கள் சொல்வார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன்.

கட்சிக்காரர்கள் ஆவணம் கொண்டுவரும் அழகு இருக்கிறதே, அதற்கே தனியாக ஒரு வழக்குப் போடலாம். குடியாத்தத்திலிருந்து வந்த ஒருவர் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தை லுங்கிக் கட்டுக்குள் சுருட்டி வைத்துக் கொண்டுவந்தார். ஆம்பூரிலிருந்து வந்த ஒரு பத்திரத்தில் பிரியாணி எண்ணெய் வட்டமாக ஊறியிருந்தது. பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். "பத்திரமா இருக்கட்டும்னு லேமினேஷன் பண்ணோம்மா" என்பார்கள். "ஆமாய்யா, இனிமே சீல் எங்க குத்துறது, உன் நெத்தியிலயா?" என்று கேட்டுவிடுவேன்.

முன்பெல்லாம் ஒவ்வொரு ஆவணமும் அதனதன் அளவிலேயே கட்டுக்குள் கிடக்கும். நீளத்தாள், குட்டித்தாள், தபால் அட்டை, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் இடது மூலையில் ஓட்டை போட்டு நூலில் கோத்துவிடுவோம். ஓரங்கள் ஏறி இறங்கி நிற்கும். அப்புறம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் வழியாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று வந்தது. ஒவ்வொரு ஆபீசும் தன் இஷ்டத்துக்குச் செய்தது. ஒருவர் தலைகீழாக ஸ்கேன் செய்வார், ஒருவர் பாதிப் பக்கத்தை விட்டுவிடுவார். சிலர் செல்போனில் படம் பிடித்து, தாளைப் பிடித்திருந்த தங்கள் கட்டைவிரலையும் சேர்த்தே தாக்கல் செய்தார்கள்.

எங்கள் குமாஸ்தாக்கள் எல்லாரும் சேர்ந்து, "அக்கா, எல்லாருக்கும் ஒரே மாதிரி முறை ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து ஒரே பக்கத்தில் ஒன்பது விதிகள் எழுதினேன். வழக்குப் போட்டவர் தரும் சான்றாவணங்களுக்கு ஏ வரிசை, எதிர்த்தரப்புக்கு பி வரிசை. பக்க எண் கீழே வலது ஓரத்தில். ஒவ்வொரு ஆவணத்துக்கும் முன்னால் ஒரு தலைப்புத் தாள். நான்காவது விதி இது: மூலத்தாள் எந்த அளவில் இருந்தாலும் ஏ4 தாளுக்குள் முழுதாக அடங்கும்படி ஸ்கேன் செய்ய வேண்டும். ஓரம் வெட்டுப்படக் கூடாது என்பதுதான் என் கவலை. அந்தப் பக்கத்தைச் சுவரில் ஒட்டினேன். லேமினேஷன் செய்துதான் ஒட்டினேன். ஊருக்குத்தான் உபதேசம்.

எனக்கென்றும் ஒரு சான்றாவணம் இருந்தது. ஏ வரிசையில் பதினொன்றாம் எண். அது என் இரண்டு கால்கள்.

என் அப்பா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தார். ஷூவின் மேல் பகுதிக்கான தோலை வெட்டுவது அவர் வேலை. அம்மா அதே கம்பெனியில் தையல் மிஷினில். அப்பாவுக்குச் சொந்த ஊர் அணைக்கட்டுப் பக்கம், நிலம் நீச்சு உள்ள வீடு. அந்த வீட்டுக்கு அம்மாவைப் பிடிக்கவில்லை. கம்பெனி சிநேகிதர்கள் நாலு பேர் முன்னால் ஒரு கோயிலில் தாலி கட்டி, ஆம்பூரிலேயே ஒரு ரூமில் குடித்தனம் வைத்தார்கள். போட்டோ எடுக்கவில்லை. பதிவும் செய்யவில்லை. அப்போது அதெல்லாம் யாருக்குத் தோன்றியது?

எனக்கு ஐந்து வயது இருக்கும்போது ஒருநாள் சாயங்காலம் அப்பா கம்பெனி வேலைத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து, அதன் வெற்றுப் பக்கம் மேலே தெரியும்படி தரையில் விரித்தார். நீளமான தாள். அதன் மேல் என்னை நிற்க வைத்தார்.

"நேரா நில்லு பாப்பா. ஒரு கால்ல சாயாத. ரெண்டு கால்லயும் சமமா எடைய வை."

பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு குதிகாலிலிருந்து ஆரம்பித்தார். பென்சில் சாய்ந்தால் கோடு காலுக்கு அடியில் போய்விடும், செருப்பு சின்னதாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே வரைந்தார். விரல்களைச் சுற்றி ஏறி இறங்கி, வலது காலின் உட்பக்கம், பாதம் குழிந்திருக்கும் இடத்துக்குப் பென்சில் வந்ததும் எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. "அப்பா, கூசுது" என்று காலை இழுத்துவிட்டேன். கோடு துள்ளி வெளியே ஓடியது. அவர் திட்டவில்லை. காலைப் பிடித்துத் திரும்ப அதே இடத்தில் வைத்து, விட்ட இடத்திலிருந்து வரைந்து முடித்தார்.

அப்பாவைப் பற்றி எனக்கு முழுதாக நினைவில் இருப்பது இது ஒன்றுதான். முகம்கூட இல்லை. குனிந்திருந்ததால் அவருடைய உச்சந்தலைதான் தெரிந்தது. முடிக்குள் ஷூ ஒட்டும் சொல்யூஷன் பசையின் வாடை. என் கணுக்காலைப் பிடித்த கையில் சொரசொரப்பு. அந்த முகத்தை நிமிர்ந்து காட்டச் சொல்லி எத்தனையோ முறை மனசுக்குள் கேட்டிருக்கிறேன்.

கால்களுக்குக் கீழே அவர் இப்படி எழுதினார்: "எம் பொண்ணு கால். வலது 16½. கணுக்கால் வார் வேணுமாம். பண்டிகைக்குள்ள." பதினாறரை என்ற எண்ணுக்கு மேலே, குதிகாலிலிருந்து விரல் நுனி வரைக்குமான நீளத்துக்கு ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்து, இரண்டு முனையிலும் சின்னக் குறுக்குக்கோடு போட்டார். கட்டிங்காரர் பழக்கம் அது. வெட்டு மிச்சத்தில் நல்ல தோலாகக் கிடைத்தால் கேட்டு வாங்கி வருவதாகச் சொன்னார்.

பண்டிகை வருவதற்குள் அப்பாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். அந்தச் செருப்பு தைக்கப்படவேயில்லை.

பதினாறாம் நாள் முடிந்த கையோடு பெரியப்பா, தம்பி கல்யாணம் ஆகாமலே போய்ட்டான் என்று ஊரில் கிராம அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். அப்படியானால் நான் யார்? அம்மா வக்கீலிடம் போனாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "நெலம் அவங்களே வச்சிக்கட்டும் சார். இவ அவரு பொண்ணுன்னு கோர்ட்டு எழுதிக் குடுத்தா போதும்." என் பேரில், அம்மாவைக் காப்பாளராகக் காட்டி, ஆம்பூர் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். வீட்டில் கிடைத்த காகிதம் எல்லாம் சான்றாவணம் ஆனது. ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, கம்பெனிச் சீட்டு. பதினொன்றாவதாக அந்த நீளத்தாள்.

கையெழுத்து அப்பாவுடையதுதான் என்பதை எதிர்த்தரப்பாலும் மறுக்க முடியவில்லை. கால் யாருடையது என்பதில்தான் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா கூண்டில் நின்றாள். நான் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"இது எந்தக் கொழந்தையோட காலா வேணும்னாலும் இருக்கலாம் இல்லையாம்மா? இப்ப உன் பொண்ணு காலை வச்சா இந்தப் படத்துக்குள்ள அடங்குமா?" என்று பெரியப்பாவின் வக்கீல் கேட்டார்.

தையல் மிஷினில் ஆயிரக்கணக்கில் ஷூ பார்த்தவளிடம் அவர் கேட்டிருக்கக் கூடாத கேள்வி அது. அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. "அளவு வருஷத்துக்கு ஒண்ணு மாறும் சார். வடிவம் மாறாது. ரெண்டாவது வெரலப் பாருங்க" என்றாள்.

நீதிபதி என்னை மேலே வரச் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றேன். அவர் மேஜைக்கு மேலாக எட்டி என் காலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார். என் இரண்டாவது விரல் கட்டைவிரலைவிட நீளம். படத்திலும் அப்படித்தான். பெஞ்ச் கிளார்க்கும் எழுந்து நின்று பார்த்தார். ஆம்பூர்ப் பக்கத்தில் காலைப் பார்க்கத் தெரியாத ஆள் யார்? கோர்ட் மொத்தமும் என் காலையே பார்த்தது. எனக்கு வெட்கத்தில் விரல்கள் மடங்கிக்கொண்டன. "நல்லா விரிச்சி நில்லும்மா" என்றார் நீதிபதி.

வழக்கு ஜெயித்தது. அம்மா அவர் மனைவி, நான் அவர் பெண்தான் என்று தீர்ப்பு வந்தது. அம்மா எல்லா ஆவணங்களுக்கும் நகல் மனுப் போட்டு வாங்கினாள். அப்போது நகல் என்றால் தட்டச்சுதான். பதினொன்றாம் ஆவணத்தின் நகலில் அப்பா எழுதிய வரிகள் சுத்தமாக அடிக்கப்பட்டிருந்தன. அதற்கு மேலே, நடுப்பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் "இரு கால்களின் கோட்டுப் படம்" என்று இருந்தது. அடியில் "உண்மை நகல்" என்று சீல். அந்தப் பக்கத்தை நான் எத்தனை வருடம் வெறித்துப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? நாலு வார்த்தைக்குள் என் காலும் இல்லை, அப்பாவும் இல்லை.

மூலத்தாளைத் திரும்ப வாங்க வழியிருந்தது. அதற்கென்று ஒரு மனு உண்டு. குமாஸ்தாவான பிறகு ஊருக்கெல்லாம் அந்த மனுவை நானே டைப் செய்து கொடுத்திருக்கிறேன். வீட்டில் பேச்சை எடுத்தால் அம்மா விடமாட்டாள்.

"அது ஏன் இப்ப? வூட்ல இருந்தா கரையான் தின்னும். மழை வந்தா நனையும். கோர்ட்ல இருக்குது, எவனும் கை வைக்க முடியாது."

அவளுக்குக் கோர்ட் என்றால் அப்படி ஒரு நம்பிக்கை. அவளை மனைவி என்று சொன்ன ஒரே இடம் அது. நானும் வற்புறுத்தவில்லை. எங்கோ ஒரு அறையில், சிவப்புத் துணிக்குள், என் கால்கள் சேர்ந்து நின்றுகொண்டிருக்கின்றன என்று நினைத்துக்கொள்வதில் எனக்கும் ஒரு சுகம் இருந்தது. நாளைக்குப் போய் வாங்கினால் போகிறது என்றே இருந்துவிட்டேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அம்மா இறந்துபோனாள். காரியமெல்லாம் முடிந்து ஆபீசுக்கு வந்த முதல் நாளே எனக்காக அந்த மனுவை டைப் செய்தேன். மனுதாரர் என்ற இடத்தில் என் பெயரை அடித்தேன். இனி அப்பாவின் கைபட்ட பொருள் என்று உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான். அது எனக்கு வேண்டும்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. காலக்கெடு முடிந்த பழைய கட்டுகள் ஸ்கேன் செய்யப்பட்டு, அறிவிப்பு ஒட்டி, யாரும் கேட்டு வராததால் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன. மின்னணுப் பிரதி உள்ளது, வேண்டுமானால் பெற்றுக்கொள்ளலாம்.

அறிவிப்பை அங்கே பலகையில் ஒட்டியிருந்திருக்கிறார்கள். வேலூரில் தினமும் நூறு அறிவிப்பு படிக்கிறவள் நான், சொந்த வழக்கு நடந்த ஊரின் பலகையைப் போய்ப் பார்க்கவில்லை. வக்கீல் சார் என்ன ஏது என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பிரதியை வாங்கி வந்து பிரின்ட் எடுத்தேன். தாள் வெளியே வந்ததும் எடுத்துப் பார்த்தேன். கால்கள் இருந்தன. அப்பாவின் எழுத்து இருந்தது. ஆனால் ஏதோ சரியில்லை. மூன்று வயதுக் குழந்தையின் கால் போல இருந்தது. ஸ்கேலை எடுத்து அவர் போட்ட கோட்டின் மேல் வைத்தேன். பதிமூன்றே முக்கால். கோட்டுக்குக் கீழே அவர் கையால் பதினாறரை என்று எழுதியிருக்கிறது, ஸ்கேல் பதிமூன்றே முக்கால் என்கிறது. தப்பாக வெட்டினால் ஒரு முழுத்தோல் வீணாகும் வேலையில் இருந்தவர், அளவில் பொய் சொல்லமாட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்த போன் நினைவுக்கு வந்தது. மூன்று வருடம் இருக்கும். பழைய கட்டுகளை ஸ்கேன் செய்துகொண்டிருந்த ஒரு பெண் ஆம்பூர் கோர்ட்டிலிருந்து கூப்பிட்டாள். நம்பரை யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

"அக்கா, உங்ககிட்ட ஒரு முறை இருக்குதாமே. இங்க கண்ட சைஸ்ல பேப்பர் இருக்குது. நீளத்தாள்லாம் இன்னாக்கா பண்றது?"

"நாலாவது விதியப் பாரு. எல்லாத்தையும் ஏ4க்குள்ள அடக்கிடு" என்று சொல்லி, என் பக்கத்தை அப்போதே செல்போனில் அனுப்பினேன். ரொம்ப நன்றி அக்கா என்றாள். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா அன்றைக்கு!

நீளத்தாளை ஏ4க்குள் அடக்கினால் எல்லாம் சுருங்கும். நிலப் பத்திரம் சுருங்கினால் யாருக்கும் நஷ்டம் இல்லை, எழுத்து எழுத்துதான். என் கால் சுருங்கிவிட்டது. அப்பா குனிந்து, பென்சிலைச் சாயாமல் பிடித்து, எடையைச் சமமாக வைக்கச் சொல்லி எடுத்த அளவை, அவர் பெண்ணே போனில் இரண்டு நொடியில் கெடுத்துவிட்டாள். யாரைத் திட்டுவது?

மறுநாள் அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் எனக்குப் பத்து வருடப் பழக்கம். நூற்றுப் பதினைந்து சதவீதம் பெரிதாக்கி, நீளத்தாளில் எடுத்துத் தரச் சொன்னேன். ஸ்கேலை வைத்தேன். பதினைந்தே முக்கால் சொச்சம். போதவில்லை.

"நூத்தி இருவது வை பாய்."

"இன்னாக்கா, இவ்ளோ கரெக்டா அளக்கிற? செருப்பு தைக்கப் போறியா? யாருக்கு, பேத்திக்கா?"

"எனக்குத்தான்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தாள் மெதுவாக வெளியே வந்தது. ஸ்கேலை வைத்தேன். பதினாறரை. குறுக்குக்கோட்டுக்குக் குறுக்குக்கோடு, மயிரிழை பிசகாமல் பதினாறரை. கடை வாசலிலேயே நின்று, இன்னொரு முறை அளந்தேன். அப்பா சொன்னது சரியாகத்தான் இருந்தது.

ஆபீசுக்குத் திரும்பியதும் சுவரில் ஒட்டியிருந்த விதிகளைப் பிய்த்து எடுத்தேன். லேமினேஷன் போட்டதால் அதில் பேனா ஓடாது. புதிதாக அடித்தேன். நான்காவது விதியில் ஒரு வரி கூட்டினேன்: படமோ அளவோ உள்ள ஆவணமானால், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, ஸ்கேலும் சேர்ந்து தெரியும்படி ஸ்கேன் செய்ய வேண்டும். "இது எதுக்குக்கா, நெல வரைபடத்துக்கா?" என்று மற்ற குமாஸ்தாக்கள் கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கும் அனுப்பினேன். அவள் இப்போது வேறு வேலையில் இருக்கிறாளாம். இருந்தாலும் பதில் போட்டாள், நன்றி அக்கா என்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் அந்தத் தாளை மேஜையில் விரித்தேன். தரையில் போட்டு அதன் மேல் நின்று பார்க்கத்தான் முதலில் ஆசை. நிற்கவில்லை, நாற்பது கடந்த என் கால் அதை முழுதாக மூடிவிடும், ஒன்றும் தெரியாது. பிரதி எடுத்ததில் பென்சில் கோடு பல இடங்களில் மங்கியிருந்தது. சில இடங்களில் வெறும் புள்ளி. ஒரு பென்சிலைச் சீவிக்கொண்டு வந்தேன்.

வலது குதிகாலில் ஆரம்பித்தேன். பென்சிலைச் சாய்க்காமல், செங்குத்தாகப் பிடித்துக்கொண்டேன். அவர் போன வழியிலேயே போனேன். சுண்டுவிரல், அடுத்தடுத்த விரல்கள், நீளமான அந்த இரண்டாவது விரல், கட்டைவிரல். அவர் எங்கே அழுத்தினார், எங்கே லேசாக விட்டார் என்று கைக்குத் தெரிந்தது. உட்பக்கமாக இறங்கினேன். பாதம் குழியும் இடத்தில் கோடு திடீரென்று துள்ளி வெளியே ஓடியிருந்தது. அதன் மேலேயே பென்சிலை ஓட்டினேன்.

மேஜைக்கு அடியில் என் வலது கால் தானாக உள்ளே இழுத்துக்கொண்டது.

"அப்பா, கூசுது" என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். வீட்டில் யாரும் இல்லை. காலைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து வரைந்து முடித்தேன்.